இணையத்திடம் அடையாள அட்டை கேட்டவர்

யுத்த காலத்துக் கொழும்பில் எல்லோரும் எங்களிடம் அடையாள அட்டை கேட்டார்கள். இணையத்திடம் அடையாள அட்டை கேட்ட ஒரே மனிதர் எங்கள் சென்றி அண்ணைதான். உலகத்திலேயே ஒருவர்தான் என்று சொல்வேன், ஆனால் ஆதாரம் கேட்பார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த நெற் கபேக்கு அவர் மனேஜர். ஆறு கணினிகள், ஒரு பிரின்டர், சுற்றுவதாகச் சொல்லப்பட்ட ஒரு மின்விசிறி. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் அவரை மறிக்காத சென்றிப் பொயின்ற் என்ற இராணுவச் சோதனைச் சாவடி கிடையாது. அவருடைய மீசைதான் காரணம் என்பது ஒழுங்கையின் அபிப்பிராயம். மறிபட்டு மறிபட்டு, அங்கே கேட்கப்படும் நான்கு கேள்விகளும் அவருக்குத் தேவாரம் போலப் பாடமாகிவிட்டன. அவற்றை எழுதி ஒவ்வொரு கணினிக்கு மேலும் ஒட்டிவிட்டார்: ஆர் நீ? எங்கையிருந்து வந்தனீ? எப்ப வந்தனீ? என்ன அலுவலா வந்தனீ?

கேள்விகள் வாடிக்கையாளருக்கு அல்ல, திரையில் வந்து நிற்கும் பக்கங்களுக்கு.

"நாலு கேள்வி கேளாமல் எங்களை ஒரு தெருவுக்குள்ள விடுறாங்களோ? பிறகேன் நாங்கள் கண்டவனையெல்லாம் மண்டைக்குள்ள விட வேணும்?" என்பார்.

பாகற்காய்ச் சாறு குடித்தால் ஒன்பது நாளில் நீரிழிவு ஓடிவிடும் என்ற பக்கத்தை ஓர் அம்மா பிரின்ட் எடுத்தார். எழுதியவரின் பெயர் இல்லை என்று அண்ணை தாளைக் கொடுக்கவே மறுத்துவிட்டார். இன்னொரு பெண் மகளுக்குக் கனடா மாப்பிள்ளை ஒருவரை இணையத்தில் பிடித்து, அந்தப் பக்கத்தை அண்ணையிடம் காட்டினார். படம், படிப்பு, குணம் எல்லாம் பிரமாதம். "ஆர் எழுதினது? மாப்பிள்ளைதானே? அப்ப இது தகவல் இல்லை அக்கா, விளம்பரம்." கடையை மூடுகிறோம் என்று முதலாளி சொன்னால்கூட, திகதி போட்டு எழுத்தில் தரச் சொல்லக்கூடிய மனிதர்.

அந்த வருஷம் எனக்கு உறக்கம் தொலைந்தது. சோதனைக்காக பஸ் நின்றால் போதும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும், மூச்சு முட்டும். கொட்டாஞ்சேனையில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயத்தை யாரிடம் சொல்வது? மூலைக் கணினியில் உட்கார்ந்து இணையத்திடம் சொன்னேன். அது இருபது கேள்வி கேட்டது. விடையாக எனக்கு மூன்று மனநோய்கள் என்றது, நான்காவது ஒன்றும் வரலாம் என்றது. நான் நம்பிவிட்டேன். கலியாணத்தை நிறுத்தச் சொல்லி டொரன்டோவில் இருந்த அக்காவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவளுக்குத் தபாலில் அனுப்பவென்று அந்தப் பக்கத்தைப் பிரின்ட்டும் கொடுத்தேன்.

பிரின்டர் அண்ணையின் மேசையில் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. தாள் வந்தால், யாருடையது என்று அறிய, "ஆற்ற பாகற்காய்?" என்று கடை அதிரக் கேட்பவர், அன்றைக்கு மட்டும் தாளை மடித்துக்கொண்டு வந்து, கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். திரையில் இருந்த கடிதத்தையும் வாசித்தார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது.

"அனுப்பிப் போட்டியோ?"

"இன்னும் இல்லை அண்ணை."

"அனுப்பாதை. முதல்ல இவரை விசாரிப்பம்." தாளை விரித்தார். "ஆர் நீ? வெள்ளைக் கோட்டு இருக்கு, பேரில்லை. எங்கையிருந்து? விலாசமில்லை. எப்ப? திகதியில்லை. என்ன அலுவல்?" விரல் கீழே இறங்கி ஒரு மாத்திரைப் போத்தலின் படத்தில் நின்றது. "எரியிற வீட்டில பிடுங்கினது லாபம் எண்டு வந்திருக்கிறார். இவருக்கு வெள்ளவத்தையில வாடகைக்கு அறை குடுப்பினமோ? நீ கலியாணத்தையே குடுக்கப் பாக்கிறாய்."

பிறகு எதையும் தேடாமல், நேராக ஒரு முகவரியை அடித்தார். படமோ வர்ணமோ இல்லாத, வெண்ணெய் பூசாத காய்ந்த பாண் துண்டு மாதிரி ஒரு பக்கம். மேலே வைத்தியர்களின் பெயர்கள், அவர்களுடைய ஆஸ்பத்திரி, கடைசியாகச் சரிபார்த்த திகதி. விற்க ஒன்றும் இல்லை. என் நெஞ்சுப் படபடப்பு வரிக்கு வரி அதில் இருந்தது. பயம் கூடினால் இப்படி வரும், சுகப்படுத்தலாம் என்றிருந்தது. இதை வாசித்து நீங்களே முடிவு கட்டாமல் வைத்தியரைப் பாருங்கள் என்று கடைசி வரி சொன்னது.

"பாத்தியோ, தன்னை மட்டும் நம்பாதை எண்டு சொல்லுது. அப்பிடிச் சொல்லுறவனைத்தான் நான் உள்ளுக்க விடுவன்," என்றார்.

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு அவரே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டரிடமும் நாலு கேள்வியைத் தொடங்கிவிடுவாரோ என்று வழியெல்லாம் எனக்குக் கவலை. மனநலக் கிளினிக் வாசலில் நின்ற சிங்களத் தாதி அவரைக் கண்டதும் சிரித்து, அண்ணா என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டார்.

"அய்யே, உங்கட கிளினிக் நாள் போன கிழமைதானே? மருந்து முடிஞ்சுதா?"

"இண்டைக்கு எனக்கில்லை நோனா. தம்பிக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மீசையைத் தடவினார்.

"ஏழு வருசமா வாறன். டொக்டரை முதல் நாளே விசாரிச்சாச்சு, நல்ல மனிசி. இப்ப என்னைப் பார், ஒழுங்காக் கடை நடத்துறன்தானே?"

அந்த 'ஒழுங்கா'வையும் நாலு கேள்வி கேட்க வேண்டும் போல எனக்கு இருந்தது. நம்பர்த் துண்டைக் கையில் பிடித்தபடி, என்னைக் கூப்பிடும்வரை பக்கத்திலேயே இருந்தார். எனக்குச் சுகப்பட ஆறு மாதம் சென்றது. அக்காவுக்கு அந்தக் கடிதம் போகவேயில்லை.

கலியாணக் கார்ட்டின் உறையில் பெயர் எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் உறைத்தது: அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. எந்த ஊர், எப்போது கொழும்புக்கு வந்தார், ஒன்றும் தெரியாது. 'சென்றி அண்ணைக்கு' என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் கார்ட்டை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பேரிருக்கு, விலாசமிருக்கு, திகதியிருக்கு. அலுவலும் நல்ல அலுவல். வாறன்."

அவர் என்னை விசாரித்துத்தான் உள்ளே விட்டார். நான் அவரை ஒரு கேள்வியும் கேளாமல் எப்போதோ உள்ளே விட்டிருந்தேன்.