பெரிய திரையில் என் இடது கால்

முடி வெட்டுகிறவன் கல்யாணத்துக்குப் போனால் நேராகச் சாப்பாட்டு மேசைக்குத்தான் போவான். சனி, ஞாயிறில்தான் எங்களுக்கு வியாபாரம். கடையைப் பூட்டிவிட்டு மண்டபம் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்ததிலிருந்து எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குத் தலையை அழகுபடுத்தி அனுப்பியிருக்கிறேன். அதற்கப்புறம் அவர்கள் காலுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் கல்யாணத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களுடையது நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. முப்பது வயது நெருங்கும்போது என் இடது கெண்டைக்காலில் நீலநிறத்தில் நரம்புகள் புடைத்து நெளிய ஆரம்பித்தன. சாயங்காலமானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், படுத்தால் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். (கழுத்தில் துணியைக் கட்டியதும் எல்லோரும் டாக்டர்தான்.) எல்லா எண்ணெயும் தேய்த்துப் பார்த்தேன். கால் மணத்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

கடைசியில் உண்மையான டாக்டரிடமே போனேன். அவர் என்னை நிற்கவைத்து ஸ்கேன் கருவியைக் காலில் ஓட்டினார்.

"இது நரம்பு இல்ல தம்பி, ரத்தக் குழாய். கால்ல உள்ள ரத்தம் மேல ஏறணும். ஏறுனது திரும்ப இறங்காம இருக்க உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. உங்களுக்கு அது சரியா மூடல. ரத்தம் கீழயே தங்கி, குழாய் வீங்கி நெளியுது."

லேசர் வைத்து அந்தக் குழாயை அடைத்துவிடலாம், ரத்தம் மற்ற நல்ல குழாய்கள் வழியாகப் போய்விடும், அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம் என்றார். கல்யாணம் முடியட்டும் என்றேன். அதுவரை நிற்கும்போதெல்லாம் போடச் சொல்லி, முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை ஒன்றைக் கொடுத்தார். தோல் நிறம் என்று பெட்டியில் போட்டிருந்தது. யாருடைய தோல் என்று போடவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "பொண்ணு வீட்ல மூச்சு விடாத. சீக்காளின்னு நெனச்சு நிறுத்திட்டா?" என்றார். எனக்கும் அதே பயம். எனக்கு நிச்சயித்திருந்த கல்பனாவை அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு காலை மறைத்துக்கொண்டே கல்யாணம் செய்துவிடலாம் என்று நம்பும் அளவுக்கு முட்டாளாகவும் இருந்தேன்.

மண்டபம் கிள்ளானில். நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்குமே என்று பட்டு வேட்டிக்குள் காலுறையைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தேன். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கல்பனாவின் தம்பி சரவணன் ஒரு தாம்பாளத்தைக் கீழே வைத்து, என் இரண்டு கால்களையும் தூக்கி அதில் வைத்தான். மாப்பிள்ளைக்கு மச்சினன் கால் கழுவும் சடங்காம். பாலை ஊற்றினான். வலது காலில் பால் வழிந்து ஓடியது. இடது கால் அதைக் குடித்துவிட்டது.

சரவணன் தடவிப் பார்த்தான். "மச்சான், சாக்ஸ் போட்டிருக்கீங்க."

"அப்படியே கழுவுலா," என்றேன் மெதுவாக.

"ஐயரே, சாக்ஸோட கழுவலாமா?" என்று மைக் இருந்த பக்கமாகவே கேட்டான். கூடாது என்றார் ஐயர்.

நனைந்த காலுறை லேசில் கழலுமா? சரவணன் இழுத்தான். நான் நாற்காலியோடு முன்னால் போனேன். வருங்கால மாமனார் ஓடிவந்து பின்னாலிருந்து என் அக்குளில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார். அடுத்த இழுப்பில் காலுறை பிய்த்துக்கொண்டு வந்து, குடித்த பாலையெல்லாம் ஐயர் முகத்தில் விசிறியது. வீடியோக்காரர் கடமை தவறாதவர். மேடைக்குப் பக்கத்திலிருந்த பெரிய திரை முழுக்க என் கெண்டைக்கால், ஒவ்வொரு நெளிவும் தெளிவாக. நாதஸ்வரம் நின்றுவிட்டது.

என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "என்னா தம்பி இது?" என்று கல்பனாவின் அம்மா மேடைக்கு வந்தார். கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கதவு, குழாய், லேசர், எல்லாம். அவர் கேட்டு முடித்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கினார். அங்கேயும் அதே நீல நெளிவுகள், என்னுடையதைவிட மோசம். தோல்கூடக் கறுத்திருந்தது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வருஷக்கணக்காக நின்று வேலை பார்த்த கால்கள்.

"இதச் சரி பண்ண முடியுமா? வயசானா இப்படித்தான்னு சொன்னாங்களே," என்றார். நான் பயந்த பயத்தை நினைத்து எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குள் கதவிடுக்கு வழியாகத் திரையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்த கல்பனா, மணமகள் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சரவணா, மிச்சத்தையும் கழுவு. நேரம் போவுதுலா," என்றாள்.

லேசருக்கு நானும் அத்தையும் ஒன்றாகவே போனோம். நிறைய நடங்கள் என்றார் டாக்டர். நான் கடைக்குள் நடந்தேன். அத்தை நிஜமாகவே நடந்தார். இந்தத் தைப்பூசத்தில் பத்துமலைப் படிகளில் எனக்கு முன்னால் ஏறிப்போய், மேலே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். நான் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். சரவணன் காலுறையை இழுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதற்குப் பிந்தினாலும் கேட்கிற கேள்வியை, அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் கேட்டார்:

"என்னா மாப்பிள்ளை, கீழ யாராச்சும் இழுக்குறாங்களா?"