துருப்பிடித்த ஆணி டப்பா

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே விழட்டும்.

ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர் ஒருவர் லேபிள் மெஷின் வாங்கினார். வீட்டில் பெயர் ஒட்டாத பொருளே இருக்கக் கூடாது என்று சபதம். கதவில் 'கதவு'. நாற்காலியில் 'நாற்காலி'. அசந்து தூங்கிய பூனையின் முதுகில் 'பூனை'.

உள்நோக்கம் வேறு. சர்க்கரை ஏறிவிட்டதென்று மனைவி தடை போட்ட கிரீம் பிஸ்கட்டை வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைக்க வேண்டும்.

அம்மணி குளிக்கப் போனதும் உட்கார்ந்தார். முப்பது வருடப் பழக்கம். கை தானாக 'கிரீம் பிஸ்கட்' என்று உண்மையைத் தட்டிவிட்டது. "அடச்சே!" என்று கர்சரை நகர்த்தி நகர்த்தி வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், 'துருப்பிடித்த ஆணி' என்று அடித்தார். அந்தக் குட்டித் திரையில் எட்டு எழுத்துதான் தெரியும். புதியது வர வர, பிஸ்கட் வலப்பக்கமாக நகர்ந்து மறைந்தது.

"தொலைஞ்சுது சனியன்!"

பொத்தானை அமுக்கினார். ஒரு முழத்துக்கு நாடா வந்தது. கண்ணாடி எங்கேயோ கிடந்தது. மெஷின் சும்மா வால் விடுகிறது என்று நினைத்து, பிஸ்கட் போட்ட உருண்டை டப்பாவைச் சுற்றி ஒட்டி அலமாரி உச்சியில் வைத்தார்.

மறுநாள் மூடியைத் திறந்தால், உள்ளே அசல் துருப்பிடித்த ஆணி!

"ஏம்மா, இந்த டப்பாவுல..."

"என்ன எழுதியிருக்கீங்க?"

"ஆணி."

"உள்ள என்ன இருக்கு?"

"ஆணி..."

"அப்புறம் ஏங்க மூஞ்சி தொங்குது?"

டப்பாவை மூடி, மறுபடி உச்சியிலேயே வைத்தார். அன்றைக்கே சமையலறையில் 'எலி மருந்து' என்று ஒரு புது டப்பா முளைத்தது. அதற்கு நாலடி தள்ளியே நடந்தார்.

நாலு மணிக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் டீ குடிக்க வந்தார். அம்மணி அந்த டப்பாவைத் திறந்து நீட்ட, அவரும் எடுத்து, இருக்கிற நாலு பல்லால் மொறுமொறுவென்று கடித்தார்.

"அண்ணே, துப்புங்க! எலி மருந்து!"

"கத்தாதீங்க," என்றாள் மனைவி. "அழிக்கிற பொத்தானை அமுக்காம, கண்ணுக்கு மறைஞ்சா அழிஞ்சுபோச்சுன்னு அர்த்தமா? உங்க டப்பாவோட பின்பக்கத்தைத் தூசி தட்டும்போது நான் படிச்சேன். இதோட பின்பக்கத்தை நீங்க படிங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பினார்.

'கிரீம் பிஸ்கட். அவருக்கு இல்லை.'

இதை நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். ஸ்டோர் கீப்பர் காதுக்குப் போனால்கூடப் பரவாயில்லை. அந்த அம்மா காதுக்குப் போனால், நாலு மணிக்கு எனக்கு வருகிற ரெண்டு பிஸ்கட்டும் நின்றுவிடும்.