தட்டில் ஐந்து நிறம்

உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. உங்கள் தட்டைப் பார்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது இனம் பிறப்பதில்லை, இலவச வகுப்புகளில் உருவாகிறது. சந்தேகமா? ஜீவனஹள்ளிக்கு வந்து பியாட்ரிஸைப் பாருங்கள். வீடு தேட வேண்டாம். கையில் ஒரு சமோசாவோடு தெருவில் நில்லுங்கள், அவளே வந்துவிடுவாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் எடை பார்த்த டாக்டர், அவள் மகள் ஐரின் வயதுக்கு ரொம்பவும் இளைத்திருக்கிறாள், எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். பெற்ற வயிறு பதறாதா? கணவன் பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறவன். யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? அந்த நேரம் பார்த்துத்தான், கஷ்டப்படுகிற குடும்பத்துத் தாய்மார்களுக்கு சர்ச் ஹாலில் இலவசச் சத்துணவு வகுப்பு ஆரம்பமானது. எதிர்வீட்டு ஜோவிதாவையும் இழுத்துக்கொண்டு ஓடினாள் பியாட்ரிஸ்.

பாடம் எடுத்த அதிதி மேடம் தங்கமான பெண். "தட்டுல அஞ்சு நிறம் இருந்தா நல்லதும்மா, முடிஞ்சப்போ" என்றாள். அந்த "முடிஞ்சப்போ" பியாட்ரிஸின் காதில் விழவே இல்லை. இந்த இனத்துக்கு எந்த வாக்கியத்திலும் பாதிதான் கேட்கும்.

ஜோவிதா? கடைசி வரிசையில் தூங்கினாள். வகுப்பு முடிந்து சுண்டல் தரும்போது மட்டும் யாரும் எழுப்பாமலே விழித்துக்கொண்டாள்.

அன்றோடு போயிற்று தெருவின் நிம்மதி. தண்ணீர் பிடிக்க வந்தவளிடம் "இன்னிக்கு என்னா கொழம்பு?" என்று அன்பாக ஆரம்பித்து, அவள் பதில் சொன்ன பாவத்துக்குக் குடம் நிரம்பி வழியும்வரை புரதத்தைப் பற்றி விளக்கி, பேக்கரி வாசலில் தேங்காய்ப்பூரணம் வைத்த தில்பசந்தைப் பிட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து "மைதா! மைதா!" என்று பாம்பைக் கண்டவள்போல் அலறி, கடைசியில் ஒரு சாவு வீட்டில், காபிக்கு இன்னொரு ஸ்பூன் சர்க்கரை கேட்ட பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, போனவருக்கும் சுகர்தானே?" என்று கேட்டேவிட்டாள். பாவம் மனுஷன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டிலோ இதைவிட மோசம். பீட்ரூட் சிவப்பு, கேரட் ஆரஞ்சு, கீரைப் பச்சை, பருப்பு மஞ்சள், கத்திரிக்காய் ஊதா என்று ஐரினின் தட்டு திருவிழாப் பந்தல்போல் ஜொலிக்கும். வாய்க்கு வாய் பிரசங்கம் வேறு. "இது கண்ணுக்கு. இது ரத்தத்துக்கு. இது எலும்புக்கு. முழுங்குடி கண்ணு!" எலும்பு வரைக்கும் கேட்ட பிறகு எந்தக் குழந்தைக்குப் பசிக்கும்? ஐரின் வாயை இறுக மூடிக்கொள்வாள். அம்மா அசந்த நேரம் எதிர்வீட்டுக்கு விளையாட ஓடிவிடுவாள். குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டும். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற பியாட்ரிஸ், குழாயைத் திறந்துவிட்டு சத்தமில்லாமல் அழுவாள்.

வகுப்பின் கடைசி நாளில் குழந்தைகளுக்கு எடை பார்த்தார்கள். ஐரின் எடை ஏறியிருந்தாள்! நன்றாகவே ஏறியிருந்தாள். பியாட்ரிஸ் மகளைக் கட்டிக்கொண்டு, இந்தமுறை சத்தமாகவே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கொடுக்காத மைக்கைத் தானே எடுத்தாள். "எல்லாம் அஞ்சு நிறம்தான்! நான் சொன்னப்போ சிரிச்சீங்களே, இப்போ பாத்துக்குங்க!" ஹால் முழுக்கக் கைதட்டல்.

அதிதி மேடம் சும்மா இருந்திருக்கலாம். மைக்கை வாங்கி, குனிந்து ஐரினிடம் நீட்டினாள். "பாப்பாவுக்கு எந்த நிறம் ரொம்பப் புடிக்கும்?"

"வெள்ள."

"வெள்ளையா?"

"ஜோவிதா ஆன்ட்டி வீட்டு தயிர்சோறும் முட்டையும். டெய்லி சாப்புடுவேன். ஆன்ட்டி டிவிதான் பாப்பாங்க. என்னெ பாக்கவே மாட்டாங்க."

ஹாலே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. திடுக்கிட்டு விழித்த ஜோவிதா பதறிப்போனாள். "ஐயோ, சத்தியமா நான் ஒண்ணுமே சொல்லிக்குடுக்கல அக்கா! புள்ள வந்துச்சு, பசிக்குதுன்னுச்சு, போட்டேன். சீரியல் ஓடிட்டிருந்துச்சு, அவ்ளோதான்!"

பியாட்ரிஸின் முகம் அவள் தினமும் ஊட்டிய பீட்ரூட் நிறத்துக்கு மாறியது. அன்று ராத்திரி சோற்றைப் போட்டு மகள் முன்னால் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். நாக்கு துடித்தது. கீரையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை? உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் தட்டு வழிக்கும் சத்தம் கேட்டது. "மம்மி, இன்னும் கொஞ்சம்" என்றாள் ஐரின்.

ஆக, பியாட்ரிஸ் பிழைத்துக்கொள்வாள். நீங்கள் பிழைப்பதுதான் சந்தேகம். தயிர்சோறும் முட்டையும் என்று படித்த இடத்தில், "ஐயே, ரெண்டையும் சேத்துத் தின்னலாமா?" என்று உங்கள் வாய் துடித்ததா இல்லையா? மறைக்காதீர்கள். சீக்கிரமே புது வகுப்பு ஆரம்பமாகிறதாம், வந்துவிடுங்கள். ஜோவிதாவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது, நன்றாகத் தூங்கலாம்.