பாலம் இறங்கினால் வாடிப்போகும் அரைமணி மாமா

திருவனந்தபுரத்தில், ஏன், உலகத்திலேயே, டிராஃபிக் ஜாமை வீட்டுக்கு வந்த விருந்தாளிக் கூட்டமாக நினைத்து உபசரித்த ஒரே மனிதர் அரைமணி மாமாதான்.

எங்கள் வலியசாலையிலிருந்து நான் ஆபீஸ் போகும் வழியில், கால்வாய்மேல் ஒரு கிழட்டு இரும்புத் தூக்குப்பாலம் இருந்தது. ஆகாயத்தாமரை வாருகிற படகு வந்தால் பாலம் முனகிக்கொண்டே மேலே போகும். ரோடு அரைமணி நேரம் நிற்கும். எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, மாமா மட்டும் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஃபிளாஸ்கோடு ஒவ்வொரு வண்டியாகப் பார்க்கப் புறப்படுவார்.

"கண்ணாடிய எறக்குங்கோ, காபி ஆறிடும்!"

"எந்தா சுவாமி, காசு வேணோ?" என்பார் கார்க்காரர்.

"காசு வேண்டாம் சாரே. எந்த ஊரு, எத்தனை குட்டிகள், அதச் சொன்னாப் போறும்."

ஒருமுறை ஆட்டோவிலிருந்த நர்ஸுக்கு, பின்னால் நின்ற பஸ்ஸிலேயே வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை, நட்சத்திரம் கேட்பதற்குள் பாலம் இறங்கிவிட்டது.

இன்னொரு நாள், தூக்கிய பாலம் இறங்கவே மறுத்துவிட்டது. மத்தியானம் முழுக்க ஊரே வெந்தது. மாமாவுக்கு மட்டும் தீபாவளி.

அதற்கப்புறம்தான் அந்தக் கிழட்டுப் பாலத்தை எடுத்துவிட்டு, படகு அடியில் போகிற உயரத்தில் நிரந்தரமாக ஒரு கான்கிரீட் பாலம் கட்ட முடிவானது. நான் கிளார்க்காக இருந்த ஆபீஸில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். எல்லோரும் கைதட்டினார்கள். எதிர்ப்பு என்று எழுந்தது ஒரே ஆள்.

"காரணம், சுவாமி?" என்றார் எஞ்சினியர்.

"புதுப் பாலத்துல வண்டி நிக்குமோ?"

"நிக்கவே நிக்காது!"

"அதான் காரணம்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. யாரோ, "பேசணும்னா வீட்டுல பேசுங்கோ மாமா" என்றார்.

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு மாமா உட்கார்ந்தார்.

பாலம் வந்தது. திறந்த அன்றே அதன் உச்சியில் ஸ்கூட்டரை நிறுத்தி ஃபிளாஸ்கைத் திறந்தார். பின்னாலிருந்து அடித்த ஹார்னில் போலீஸ்காரர் ஓடிவந்து, வண்டியோடு சேர்த்து அவரையும் ஓரம் தள்ளினார். அப்புறம் மாமா நடைபாதையில் வெறுமனே நிற்பார். வண்டிகள் பறக்கும். யார் முகமும் தெரியாது.

ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் என் ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

"என்னடி கொழந்தே, வண்டி கேடாயிடுத்தா?"

"ஆமா மாமா. நகரவே மாட்டேங்கறது."

மாமா குனிந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பொய் சொல்லவும் தெரியலையே நோக்கு. எஞ்சின் ஓடிண்டிருக்கு."

சாவியைத் திருப்பி அணைத்தேன்.

"இப்ப நின்னுடுத்து மாமா. சொல்லுங்கோ."