கொலைகாரன் யாரென்று சத்தமாகச் சொன்னவன்

வெளிநாட்டுக்குப் போகும் தமிழனுக்கு முதல் நாளே ஒரு சுதந்திரம் கிடைத்துவிடுகிறது. பொது இடத்தில் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் சத்தமாகத் தமிழில் பேசலாம், ஒருவருக்கும் புரியாது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தச் சுதந்திரத்தை நான் அனுபவித்த அளவுக்கு வேறு யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கைப் பற்றி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, போனில் நண்பனுக்கு வர்ணனை கொடுப்பேன். அவரும் மரியாதைக்குப் பதிலுக்குச் சிரிப்பார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். கவிதா திருச்சியில் இருந்தாள். அவளுக்கு விசா கிடைக்க வேண்டுமென்றால் நான் இங்கே ஒரு வீடு பிடித்து வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். நானோ மூன்று மாணவர்களோடு ஒரே சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்டு ஓர் அறையில் இருந்தேன்.

"இன்னும் மூணு வாரத்துல கான்சுலேட்ல இன்டர்வியூ. வீடு என்னாச்சு?" என்று தினமும் கேட்பாள்.

"பாத்துக்கிட்டே இருக்கேன்மா."

"பாத்தது போதும். புடிங்க."

பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒரு வீடு காலியானால் முப்பது பேர் வந்து நிற்பார்கள். காலி செய்கிறவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் பெரும்பாலும் வீட்டுக்காரர் கொடுப்பார். ஏற்கெனவே இரண்டு வீடு கைநழுவியிருந்தது. அப்போதுதான் என் அலுவலக நண்பன் மத்தியாஸ் தன் கட்டடத்தில் ஒரு குடும்பம் காலி செய்வதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தான். "இரண்டாம் மாடி, வலது பக்கம். கொஞ்சம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்" என்றான்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மதியம், பதற்றத்தைப் போக்கிக்கொள்ளப் படத்துக்குப் போனேன். ஆசியப் படங்களுக்கென்று ஊரின் சின்னத் தியேட்டரில் ஒரு வார இறுதியை ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு ஒரு கொரிய க்ரைம் த்ரில்லரின் இரண்டாம் பாகம். முதல் பாகம் எங்கள் வட்டத்தில் எல்லாரும் குறுந்தகட்டில் பார்த்துப் பைத்தியம் பிடித்துக் கிடந்த படம். துறைமுக ஊரில் வரிசையாகக் கொலைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஜோடி ஈரச் செருப்பு. கடைசிவரை ஆள் சிக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் சிக்குவான் என்று எல்லாரும் வருஷக்கணக்கில் காத்திருந்தோம்.

சிக்கினான். பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர்தான் ஆள். இன்ஸ்பெக்டர் கொட்டுகிற மழையில் அவருக்கு விலங்கு மாட்டினார். நான் எழுந்துவிட்டேன். போலீஸ் வந்துவிட்டால் படம் முடிந்தது என்பதுதானே நாம் கற்று வளர்ந்த இலக்கணம். கூட்டம் வருவதற்குள் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய இலக்கணம். என்னிடம் இருந்தது சைக்கிள்தான், ஆனாலும் பழக்கம் விடவில்லை. வரிசையில் எல்லார் முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. ஜெர்மன்காரர்கள் திரையில் பெயர் ஓடி முடியும் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் சுபாவம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே அடுத்த காட்சிக்கு வரிசை நின்றிருந்தது. நல்ல குளிர். எல்லாரும் கோட்டும் தொப்பியும் மப்ளருமாக முகம் தெரியாமல் மூடியிருந்தார்கள். சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது டார்ம்ஸ்டாட்டிலிருந்து சுந்தர் கூப்பிட்டான். என்னோடு கல்லூரியில் படித்தவன், அங்கே ஆராய்ச்சி மாணவன்.

"படம் எப்படிடா?"

"வேஸ்டுடா மச்சான். செகண்ட் பார்ட் எடுத்திருக்கவே கூடாது."

"நான் எப்படியும் அவ்ளோ தூரம் வரப் போறதில்ல. யாருடா கில்லர்? சொல்லு."

சொன்னேன். சும்மா சொல்லவில்லை. சைக்கிள் சீட்டில் சாய்ந்துகொண்டு, டாக்டர் கையுறை மாட்டுவதை நடித்துக் காட்டி (போனில் தெரியாது என்பதுகூட உறைக்கவில்லை), செருப்பு ஏன் ஈரமாக இருந்தது என்பது வரைக்கும் விலாவாரியாகச் சொன்னேன். நான் முடிக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து கூட்டம் வெளியே வந்தது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு பையன் படியிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மச்சான், ஜனங்க மூஞ்சியப் பாக்கணும் நீ. ஒருத்தன் அழுவுறாண்டா. படம் அவ்ளோ மொக்கை. அடுத்த ஷோவுக்கு வேற ஒரு கூட்டம் நிக்குது, பாவம், இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

வரிசையில் எனக்கு முதுகு காட்டி நின்ற ஒரு நீலக் கோட்டு திரும்பியது. மப்ளரை இறக்கினார் ஒரு பெண்மணி. நெற்றியில் சின்னப் பொட்டு.

"தம்பி, நீங்கள் தமிழிலதான் கதைச்சுக்கொண்டிருக்கிறியள். உங்களுக்கு அது தெரியுமோ?"

போனைக் காதிலிருந்து இறக்கினேன்.

"மூண்டு வருசமா இந்தப் படத்துக்குத்தான் நாங்கள் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

பக்கத்தில் நின்ற அவர் கணவர் கையிலிருந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "விடும் கௌரி. இனி என்ன செய்யிறது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனில் சுந்தர், "யாருடா அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல், பக்கத்து சைக்கிளோடு சிக்கிக்கொண்ட என் சைக்கிளை இழுத்துக் கீழே தள்ளி, தூக்கி நிறுத்தி, ஓடியே போனேன்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மத்தியாஸின் கட்டடத்துக்குப் போனேன். இரண்டாம் மாடி, வலது பக்கம். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் 'சிவகுமாரன்' என்று பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ் ஆட்கள். இனி மற்ற இருபத்தொன்பது பேரும் வீட்டுக்குப் போகலாம். 'வணக்கம்' என்று ஆரம்பிப்பதா, 'வணக்கம் அண்ணா' என்று ஆரம்பிப்பதா என்று யோசித்துக்கொண்டே மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தார் கௌரி அக்கா.

திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் கவிதாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இந்த வீடும் போனால் அவள் இன்னும் ஆறு மாதம் திருச்சியில்தான்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றார் அக்கா. ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தேன்.

உள்ளே சிவகுமாரன் அண்ணா பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டார். "இவர் நேற்றைய ஆளெல்லே?"

"ஓம். அவரேதான். இருங்கோ தம்பி. ஆர் கொலைகாரன் எண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

"அக்கா, ரொம்ப சாரி. நான் வேணும்னு..."

"அது இருக்கட்டும். ஆர்?"

"அந்த டாக்டர்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். அண்ணா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொலிஸ் விலங்கு போட்ட உடனே எழும்பிப் போட்டியளோ?" என்று அக்கா கேட்டார்.

"ஆமா. சைக்கிள் எடுக்கணும்னு..."

"அதுக்குப் பிறகு பத்து நிமிசம் கிடக்கு தம்பி. டொக்டர் ஒண்டும் செய்யேல்ல."

அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்கள் சொன்னதாலை ரெண்டு மணித்தியாலமும் நாங்கள் அந்த மனிசனையே பாத்துக்கொண்டிருந்தனாங்கள். உண்மையான ஆள் கண்ணுக்கு முன்னாலதான் நிண்டவர். தெரியேல்ல. கடைசியில இவ என்ர கையை நுள்ளினதில இன்னும் நோகுது. அப்பிடி ஒரு படம்."

தலையில் கை வைத்து உட்கார்ந்த அந்தப் பையன் ஏன் உட்கார்ந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"அப்ப யாரு அக்கா கொலைகாரன்?"

அக்காவின் சிரிப்பு நின்றது. என்னை நிதானமாகப் பார்த்தார். கீழே அழைப்பு மணி அடித்தது. வீடு பார்க்க அடுத்த ஆள் வந்துவிட்டார்.

"மனிசிக்கு விசா எடுக்க வேணும் எண்டு மத்தியாஸ் சொன்னவர். வீட்டுக்காரியிட்ட உங்கட பேரைத்தான் சொல்லுறன். ஆனா முதல் ஒரு மணித்தியாலம் நாங்கள் உங்களைத் திட்டினது கொஞ்சநஞ்சமில்லை. அதுக்கு ஒரு தண்டனை இருக்கு. அந்தக் கடைசிப் பத்து நிமிசத்தை நீங்கள் வாழ்நாளில பாக்கக்கூடாது. ஆரையும் கேக்கவும் கூடாது."

"அக்கா..."

"வீடு வேணுமோ, வேண்டாமோ?"

வேண்டும் என்றேன். அண்ணா எழுந்து வந்து சாட்சிக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒப்பந்தம் அந்த வாரமே கைக்கு வந்தது. கவிதா இரண்டு மாதத்தில் வந்து இறங்கினாள். வந்த முதல் ஞாயிறே அக்கா உளுந்து வடையோடு பார்க்க வந்தார். இரண்டு பேரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு கவிதா "ஐயய்யோ, அவனா?" என்று கேட்டதும், இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் ஹாலில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. 'அவன்' என்கிற அளவுக்குத்தான் இன்றுவரை எனக்குத் துப்புக் கிடைத்திருக்கிறது.

படத்தின் குறுந்தகடு எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. கொடுத்த வாக்கை மீறவில்லை. (இரண்டு முறை கிட்டத்தட்ட மீறப் பார்த்தேன். இரண்டு முறையும் கவிதா சரியாக அந்த அறைக்குள் வந்தாள்.) கெஞ்சிக் கேட்டால், "ஒழுங்கா நடந்துக்கிட்டா அறுபதாம் கல்யாணத்துக்குச் சொல்றேன்" என்கிறாள். சுந்தருக்குத் தெரியும். மத்தியாஸுக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கிய என் மாமனாருக்குக்கூடத் தெரியும்.

போன மாதம், பதினாறு வயதான எங்கள் மகள் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தாள். கடைசிப் பத்து நிமிடம் நான் முறைப்படி பால்கனிக்கு அனுப்பப்பட்டேன். முடிந்ததும் அவளே கதவைத் திறந்து வெளியே வந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

"பரவால்லப்பா. நீ உக்காந்து பாத்திருந்தாலும் உனக்குப் புரிஞ்சிருக்காது."