மூச்சு முட்டிய கம்ப்ரஸர்

“ஏம்மா செல்வி, உனக்கு நட்டு எது, போல்ட்டு எதுன்னாவது தெரியுமா?”

கேட்டவர் சுந்தரம் அண்ணன். ஜெர்மனியில், எர்லாங்கனில் நான் குடியிருந்த வீட்டின் பின்னறையில் இருந்த மதுரைக்காரர், இன்ஜினியர். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, மேல்படிப்புக்கு விமானம் ஏறி வந்தவள் நான். (கேட்டால் சொல்வேன்; கேட்காவிட்டாலும் சொல்வேன்.) சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். என் அறைக்கு நேர் கீழே வீட்டுக்காரர் ஹெர் பிராண்டின் கராஜ். பழைய கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் பொழுதுபோக்கு. பெயிண்டைப் பீய்ச்ச ஒரு காற்றுக் கம்ப்ரஸர். அது ஓடினால் என் கட்டில் நடக்கும். பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று முறையிட்டேன்.

“சத்தம் பிடிக்கவில்லையென்றால் வேறு அறை பாருங்கள், ஃப்ரொய்லைன்” என்றார் அவர். (கல்யாணமாகாத பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

வேறு அறையா? என் முகத்தைப் பார்த்ததும், “அடடா, இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்” என்று சாத்திய கதவுகள் கொஞ்சமா? கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. “நானே அடக்கிக் காட்டுகிறேன். மத்தியான ஓய்வு நேரத்தில்கூட ஓட்டலாம்!”

இங்கே மத்தியான ஓய்வு என்றால் தெருவே வாயைப் பொத்திக்கொள்ளும். ஆணி அடிக்கக் கூடாது. கம்பளம் தட்டக் கூடாது. ஹெர் பிராண்ட் கண்ணைச் சுருக்கினார். “சரி. அக்கம்பக்கத்தார் ஒருவர் வேலிக்கு வந்தாலும் நீங்கள் காலி செய்ய வேண்டும்.” இந்தச் சவாலைக் கேட்டுத்தான் சுந்தரம் அண்ணன் நட்டு, போல்ட்டு விசாரித்தார்.

கம்ப்ரஸரை மூடப் பலகையில் பெரிய பெட்டி செய்தேன். அம்மா கொடுத்தனுப்பிய இலவம்பஞ்சு மெத்தையைக் கிழித்து உள்ளே சுற்றிலும் ஒட்டினேன். ஒரு பொட்டு இடுக்கு விடவில்லை. சத்தம் எந்த வழியாக வருகிறது, பார்த்துவிடுகிறேன்! இரண்டு ஆண்களும் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார்கள். “ஜோர்!” என்று பலகையைத் தட்டியவர் சாட்சாத் சுந்தரம் அண்ணன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம். பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் காயாத கார். ஸ்விட்சைப் போட்டேன். லேசான முனகல், அவ்வளவுதான். மகாராணி மாதிரி நின்றேன். சற்று நேரத்தில் பலகைகள் உள்பக்கமாக வளைந்தன. கருகல் நாற்றம் வந்தது. ஹெர் பிராண்ட் பாய்ந்து மூடியைப் பிடுங்கினார். உள்ளே சுழன்ற மோட்டார் விசிறி பஞ்சு மொத்தத்தையும் அள்ளி ஈரக் காரின் மேல் வீசியது. கார் செம்மறியாடாகிவிட்டது. கம்ப்ரஸர் அலறிய அலறலில் தெருவே வேலியோரம் வந்து நின்றது.

“காத்தடிக்கிற மெஷினுக்கே மூச்சு முட்ட வெச்சிட்டியேம்மா!” சுந்தரம் அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

அது உறிஞ்சவும் காற்று வேண்டும், மோட்டார் ஆறவும் காற்று வேண்டும். எனக்குத் தெரியாதா? கோபத்தில் மறந்தேன். ‘ஜோர்’ சொன்ன இன்ஜினியர் எந்தக் கோபத்தில் மறந்தாராம்?

“நீங்களும்தானே அண்ணே பாத்தீங்க?”

“படிச்ச புள்ள, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்!”

(அன்றைக்குத்தான் நான் படித்தவள் என்பது அவர் நினைவுக்கு வந்திருக்கிறது.)

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார் ஹெர் பிராண்ட். இப்போதும் நம்மவர்கள் எங்கே கூடினாலும், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுந்தரம் அண்ணன் குரல் கொடுப்பார்: “செல்வி வருது, ஜன்னலத் தொறந்து வைங்கப்பா!” எல்லோரும் சிரிப்பார்கள். மிச்சக் கதையை மட்டும் அவர் சொல்லவே மாட்டார். நான் சொல்கிறேன்.

நான் மூட்டை கட்டவில்லை. காரிலிருந்து பஞ்சைப் பிய்த்தெடுத்துவிட்டு ரம்பத்தை எடுத்தேன். காற்றை வெளியிலிருந்து இழுக்க ரப்பர் குழாய். சூடு வெளியேற, பஞ்சு ஒட்டிய வளைவான வழி. கம்ப்ரஸரின் கால்களுக்கு அடியில், அதிர்வை வாங்கிக்கொள்ள டயர் துண்டுகள். அடுத்த சனிக்கிழமை, அதே ஓய்வு நேரத்தில் நானே ஸ்விட்சைப் போட்டேன். வேலிக்கு ஒரு பூனை மட்டும்தான் வந்தது. காலி செய்வதைப் பற்றி ஹெர் பிராண்ட் அப்புறம் பேசவில்லை.

பரீட்சையும் முடிந்தது. போன வாரம் பேராசிரியரைப் பார்த்து, ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். முதல் வேலையாக, என் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.