செலஸ்ட் தும்மிய வியாழக்கிழமை

நியூயார்க்,
மே 1964

அன்புள்ள வெர்னா அத்தைக்கு,

ஹாரியட் எழுதுகிறேன். வியாழக்கிழமை எங்கள் தயாரிப்பாளர் ஃபைஃபர் அந்தக் காய்ந்த பூங்கொத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "இதை யாரு அனுப்பினது?" என்று ஸ்டூடியோ முழுவதையும் கேட்டபோது, என் அப்பாவுடன் பிறந்த அத்தைதான் என்று நான் சொல்லவில்லை. 'செலஸ்ட் சீக்கிரம் கண் திறக்க வேண்டுகிறோம், கியர்னி லூத்தரன் சபைப் பெண்கள்' என்று ரிப்பனில் நீங்கள் நூலால் தைத்திருந்ததைப் பார்த்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றையும் அன்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இங்கே நான் பூரண சுகம்; என் துக்கமே அதுதான். உங்களுக்கும் மாமாவுக்கும், தனியாக மாமாவின் முழங்காலுக்கும், சுகம் கிடைக்கட்டும்.

அத்தை, உங்களுக்கு 'வில்லோ முனை' தொலைக்காட்சித் தொடரில் நடப்பது எல்லாம் தெரியும். அதற்கு வெளியே எனக்கு நடப்பதுதான் தெரியாது. மூன்று வருடமாகச் செலஸ்டாக வருகிறேன். டாக்டரின் மனைவி, கல்லூரியில் படித்தவள், ஆனால் அவள் பேசியதெல்லாம் "இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா?", "ஐயோ, அப்படியா!" இரண்டுதான். பிப்ரவரியில் ஒருநாள் துணிந்து ஃபைஃபரிடம் போய், அவள் ஒரு தடவையாவது யோசித்து எதையாவது பேசக் கூடாதா என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, "அருமையான யோசனைம்மா, எழுதுறவங்ககிட்ட சொல்லிடறேன்" என்றார். சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் செலஸ்ட் மாடிப்படியில் உருண்டு நினைவிழந்தாள். இருந்த இரண்டு வசனமும் போயிற்று. அன்றிலிருந்து தினம் மத்தியானம், நாடு முழுக்க நேரடி ஒளிபரப்பில், கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பதுதான் என் கலைவாழ்க்கை. சும்மா படுத்திருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் அந்த விளக்குகளுக்குக் கீழே மூக்கு அரிக்க அரிக்கக் கிடந்து பார்க்க வேண்டும். ஒருமுறை நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டேன். தொடரின் பின்னணிக்கு ஆர்கன் வாசிக்கும் ஆக்னஸ் அம்மாள்தான் அதன்மேல் ஒரு சோக ராகத்தை ஓங்கி வாசித்து மானத்தைக் காப்பாற்றினார். இதில் மனசை உறுத்துவது என்னவென்றால், நான் பேசிய மூன்று வருடத்தில் வராத ரசிகர் கடிதங்கள், வாயை மூடியதும் மூட்டை மூட்டையாக வந்தன.

இதற்கு நடுவில், தொடரில் என் மகன் டெடி. ஐந்து வயதுப் பையன், பந்து எடுக்க மாடிக்குப் போனவன், மூன்று வாரம் கழித்து மருத்துவக் கல்லூரி மாணவனாக இறங்கி வந்தான். உங்களுக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை, "பிள்ளை நல்லா நெடுநெடுன்னு வளந்துட்டான்" என்று எழுதினீர்கள். அந்தப் பிள்ளையாக நடிக்கும் ராட்னி என்னைவிட மூத்தவன். மத்தியானம் மத்தி மீன் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்து "அம்மா" என்று கதறுவான். பெற்ற வயிறு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெற்ற மூக்கு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது நான் சொல்லாத விஷயம். போன மாதம், ஊரின் தென்கோடியில் ஒரு சலவைக் கடைக்குக் கீழே இருக்கும் நிலவறை நாடக அரங்கில் எனக்கு ஒரு வேடம் கிடைத்தது. இரண்டாம் அங்கம் முழுக்க ஒரே பெண் பேசுகிறாள், அத்தை. யோசித்து, தயங்கி, தன்னையே மறுத்துப் பேசுகிறாள். அவள்தான் நான். ஒத்திகை திங்கட்கிழமை தொடக்கம், நம் தொடர் ஒளிபரப்பாகும் அதே நேரத்தில். என் ஒப்பந்தமோ, செலஸ்டுக்கு மூச்சு இருக்கும்வரை என்னையும் விடாது. அப்படியிருக்க ஃபைஃபரே கூப்பிட்டு, "வியாழக்கிழமை செலஸ்ட் செத்துடுறாம்மா. மனசைத் தேத்திக்கோ" என்றார். நான் தலையைக் குனிந்து உதட்டைக் கடித்தேன். மூன்று வருடத்தில் என் சிறந்த நடிப்பு அதுதான். அதைப் படம் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

வியாழக்கிழமை நான் சாகக் குளித்துத் தலைவாரித் தயாராகப் போனேன். ராட்னி என் நெஞ்சில் பூ வைத்து அழ வேண்டும், கணவர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட வேண்டும், முடிந்தது கதை. ஆனால் அரங்கச் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர் பூ வாங்க மறந்துபோய், ரசிகர்கள் அனுப்பிய பொதிகளைக் கிளறி உங்கள் கொத்தை எடுத்து ராட்னி கையில் கொடுத்துவிட்டார். இல்லாத ஒரு பெண்ணுக்கு நெப்ராஸ்காவின் வேலியோரப் பூக்களைக் குளிர்காலம் முழுக்கப் பரணில் காயவைத்து அனுப்பியிருக்கிறீர்கள், பரணின் தூசியையும் சேர்த்து. "உனக்குப் பிடிச்ச பூம்மா" என்று ராட்னி அதை நெஞ்சில் வைத்தான். மூச்சைப் பிடித்தேன். கேமராவில் பூ தெரியவில்லை போலிருக்கிறது, நகர்த்தி மூக்குக்கு அடியில் வைத்தான். திங்கட்கிழமையை நினைத்தேன். இறந்துபோன தாத்தாவை நினைத்தேன். தும்மிவிட்டேன், அத்தை. ரிப்பன் பறக்கிற மாதிரி ஒரு தும்மல்.

ராட்னி வசனத்தை உருப்போட்டு வந்தவன். ஒரு கணம் விழித்துவிட்டு, உருப்போட்டதையே சொன்னான்: "போயிட்டாங்கப்பா. அம்மா நம்மள விட்டுப் போயிட்டாங்க."

கையில் போர்வையோடு நின்ற என் கணவர், இருபது வருடமாக நாடகத்தில் டாக்டராகவே வாழ்ந்தவர், என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "இல்லடா மகனே, வெறும் ஜலதோஷந்தான்" என்றார். ஆக்னஸ் அம்மாள், உயிர்த்தெழுதலுக்குப் பாடும் ஈஸ்டர் பாட்டையே வாசித்துவிட்டார். சோப்புத்தூள் விளம்பரம் வந்தது.

ஃபைஃபர் படிக்கட்டு அதிர ஓடிவந்தார். பூவைப் பற்றிக் கேட்டுத் திட்டி முடித்து, என்னைப் பார்த்ததும் கண் கலங்கி, "வேலையைக் காப்பாத்திக்க இப்படி ஒரு தும்மலா! நீ பலே கெட்டிக்காரிம்மா!" என்று கட்டிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சாகத்தான் ஆசைப்பட்டேன் என்று அப்போது சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நீங்கள் தொலைபேசியில், "அடியே, எந்திரிச்சிட்டியாடி! தையல் கூட்டத்துல அத்தனை பேரும் ஊசிய போட்டுட்டு அழுதோம்டி! பாஸ்டர்கூட கண்ணைத் துடைச்சிக்கிட்டாரு! ஆமா, நம்ம பூ வந்து சேந்துதா?" என்று கேட்டபோதும் சொல்லவில்லை.

"சேந்துது அத்தை" என்றேன்.

ஆகவே இந்த வேண்டுகோள். சபைப் பெண்கள் எனக்காக ஜெபிப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்த மனம் வராவிட்டால் திசையையாவது மாற்றட்டும்: செலஸ்ட் நிறைய அனுபவித்துவிட்டாள், வலியில்லாமல் போய்ச் சேரட்டும், முடிந்தால் இந்த வார இறுதிக்குள். இனிமேல் பூவும் வேண்டாம். எப்போதாவது நான் வாய் திறந்து பேசுவதைப் பார்க்க உங்களுக்கு ஆசையிருந்தால், நிலவறையில் முன்வரிசை நாற்காலி ஒன்று உங்களுக்காக இருக்கும். மாமாவுக்கு என் வணக்கம். பாஸ்டருக்கு என் மன்னிப்பு. உங்கள் கன்னத்துக்கு ஒரு முத்தம்.

என்றும் உங்கள் அண்ணன் மகள்,
ஹாரியட்

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து பையிலேயே வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை ஃபைஃபர் கூப்பிட்டார். "உன் மூஞ்சியப் பாத்தாலே ஜனங்க சிரிக்கிறாங்களாம்மா, காசு போடுற சோப்புக் கம்பெனிக்காரங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. செலஸ்ட் பொழைச்சுக்குவா. வேற பொண்ணப் போட்டுட்டோம். உன்னை விட்டுடறோம், கோவிச்சுக்காதே" என்றார். கோபமே இல்லை என்றேன். இன்று திங்கள். ஒத்திகைக்குப் போகிற வழியில் வானொலிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் என் கட்டில் தெரிந்தது. உள்ளே போய்ச் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். "இன்று முதல் செலஸ்ட் வேடத்தில்" என்று யாரோ ஒருத்தியின் பெயரைச் சொன்னார்கள். என் இரவு உடையில் எழுந்து உட்கார்ந்து அவள் பேசினாள், அத்தை. சாவுக்குப் பக்கத்தில் போய்வந்தவள் என்ன யோசிப்பாள் என்று ஒரு காட்சி முழுக்கப் பேசினாள். நல்ல வசனம். ராட்னி அவளையும் அம்மா என்றான். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். சபைப் பெண்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, வேறு வேறு மையில், இவள் செலஸ்டே இல்லை என்று ஃபைஃபருக்கு இன்றே எழுத வேண்டும். காபி ஊற்றுகிற கையா அது என்று கேட்க வேண்டும். பூவும் அனுப்பலாம், அதே பூ.

காட்சி முடியும்வரை கடையிலேயே நின்றுவிட்டு நான் தாமதமாக நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் அங்கத்தை வேறொருத்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.